கன்னத்துக்கு நாக்கு கிடையாது

பழச்சாறு ஆலையின் ருசி பார்க்கும் அறையில் சிவப்பு பல்பு மட்டும்தான் எரியும். புதிதாக உள்ளே வருகிறவர்கள், இங்கே போட்டோ கழுவுகிறீர்களா என்று கேட்பார்கள். காரணம் எளிமையானது. மனிதர்கள் பாதி ருசியைக் கண்ணால் பார்க்கிறார்கள். ஒரே ஆரஞ்சுச் சாற்றை இரண்டு கோப்பைகளில் ஊற்றி, ஒன்றில் மட்டும் ஒரு சொட்டு நிறம் கூட்டி வைத்தால், நிறம் கூடியதுதான் தித்திப்பு அதிகம் என்று சத்தியம் செய்ய ஆள் கிடைக்கும். சிவப்பு வெளிச்சத்தில் எல்லாச் சாறும் ஒரே நிறமாகிவிடும். கண் தோற்று ஒதுங்கிக்கொள்ள, நாக்குக்கு வழி கிடைக்கும்.

அந்த பல்பு இன்னொன்றையும் மறைத்துக்கொண்டிருந்தது. சாறு வாயில் பட்ட கொஞ்ச நேரத்தில், ருசி பார்க்கிற பெண்ணின் இடது கன்னம் சிவந்துபோகும். சிவப்பு வெளிச்சத்தில் அது யாருக்கும் தெரியாது.

ஆலையில் அவளுக்கு நாக்கு மேடம் என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். வேலை இதுதான்: பழ லாரிகள் வரும், பழம் பிழியப்படும், சோதனைக்கூடம் ஒவ்வொரு தொட்டிக்கும் இரண்டு எண்கள் கொடுக்கும். சர்க்கரை இவ்வளவு, புளிப்பு இவ்வளவு. ஆனால் எண்கள் ஒன்றாக இருந்தாலும் இரண்டு சாறுகள் ஒன்றாக இருப்பதில்லை. ஒன்றின் புளிப்பு ஊசி மாதிரி குத்திவிட்டு உடனே போய்விடும், இன்னொன்று பின் நாக்கில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது. அவள் ஒவ்வொரு தொட்டியையும் குளிர்ப்பெட்டியில் இருக்கும் மாதிரிப் பாட்டிலோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வாள். அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு கலவைக்காரர் போய் எந்தத் தொட்டியை எதில் எவ்வளவு கலப்பது என்று முடிவு செய்வார்.

அன்று கலவைக்காரர் சுவரில் இருந்த சின்ன ஜன்னல் வழியாகத் தட்டை உள்ளே தள்ளிவிட்டு அங்கேயே நின்றார். அவள் ஒரு வாய் எடுத்தாள், சுழற்றினாள், வாளியில் துப்பினாள். பிறகு அசையாமல் நின்றாள்.

"முன்னல்லாம் வாயில ஊத்தின உடனே உங்க மூஞ்சி கோணும் மேடம்," என்றார் கலவைக்காரர். "அத பாத்தே நான் பாதி கணக்கு போட்டுருவேன். இப்ப என்னடான்னா, பஸ் வருதான்னு பாக்கிற மாதிரி எங்கியோ பாத்துக்கிட்டு நிக்கிறீங்க."

"பஸ் வந்தா சொல்றேன். பொறுங்கண்ணே."

பஸ் வந்தது. காதுக்கு முன்னால் தோல் முதலில் சுட்டது, பிறகு ஈரமானது. ஒரு துளி தாடை ஓரமாக இறங்கியது. அவள் கையில் மடித்து வைத்திருந்த டிஷ்யூ காகிதத்தைக் கன்னத்தில் ஒற்றி எடுத்து, ஜன்னல் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு பார்த்தாள். மாதிரிப் பாட்டில் சாற்றுக்கு வருவதைவிட ஈர வட்டம் பெரிதாக இருந்தது.

"புளிப்பு ஒரு படி தூக்கல். பழைய தொட்டியிலேர்ந்து கொஞ்சம் சேருங்க," என்றாள்.

கலவைக்காரர் போன பிறகு காகிதத்தைக் கசக்கி வாளியில் போட்டாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவளுடைய இடது காதுக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. காதுக்கு முன்னால், கன்னத்துத் தோலுக்கு அடியில் எச்சில் சுரக்கும் பெரிய சுரப்பி ஒன்று உண்டு. அதில் வந்த கட்டி, நல்லது அல்ல என்று சோதனையில் தெரிந்தது. சுரப்பியை எடுத்தார்கள். அப்படியே கழுத்தில் இறங்கி, அங்கிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். தழும்பு காது மடலில் தொடங்கி, கழுத்துச் சரிவில் வளைந்து முடிந்தது. அதற்குப் பிறகு கதிர் சிகிச்சை. அந்த மாதங்களில் எதைத் தின்றாலும் ஈர அட்டையைத் தின்பது போல இருந்தது. சிகிச்சை முடிந்து ருசி மெல்ல மெல்லத் திரும்பியது. திரும்பியது என்று எல்லாரிடமும் சொன்னாள். எவ்வளவு திரும்பியது என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டுச் சாப்பாட்டுக்குப் போதுமான அளவு திரும்பியிருந்தது. ஆனால் அவளுடைய நாக்கு வீட்டுச் சாப்பாட்டுக்கானது இல்லையே.

வேலைக்குத் திரும்பிய புதிதில் ஒரு தொட்டியைச் சரி என்று சொன்னாள். கடைகளிலிருந்து பாட்டில்கள் திரும்பி வந்தன. வாயில் வைக்க முடியாத புளிப்பு. யாரும் அவளைத் திட்டவில்லை. உடம்பு சரியில்லாமல் இருந்து வந்தவள் என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் விட்டது அவளுக்கு வலித்தது.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் வியர்வை தொடங்கியது. ஓட்டம் இல்லை, வெயில் இல்லை, சாப்பிட உட்கார்ந்தால் இடது கன்னத்தில் மட்டும் நீர் துளிர்த்தது. முதலில் பயந்தாள். பிறகு ருசி அறையில் ஒன்றைக் கவனித்தாள். புளிப்பு ஏற ஏற நீர் கூடியது. சோதனைக்கூடத்தின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பொருந்தியது. மறுநாளும் பார்த்தாள், அன்றும் பொருந்தியது. நம்ப முடியாமல் போன நாக்கின் இடத்தில், நம்பக்கூடிய ஒன்று தன் முகத்திலேயே முளைத்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாக்கு போய்விட்டதைச் சொன்னதாகிவிடும்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சத்தத்தையும், எந்தக் கசிவையும் சும்மா விடாத ஆள். ஒரு மாலை இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் தாடையிலிருந்து ஒரு சொட்டு தட்டில் விழுந்தது. அவர் கை அப்படியே நின்றது.

"அழறியா?"

"இல்லீங்க. வேர்க்குது."

"ஃபேன் உன் தலைக்கு மேல சுத்துது. எனக்கு இங்க குளுருது." அவர் எழுந்து வந்து அவள் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினார். "ஒரு பக்கம் மட்டும் எப்படி வேர்க்கும்? அறுத்த எடமாச்சே அது."

"சாப்பிடும்போது மட்டும்தான். முடிச்சா நின்னுடும்."

"எத்தன நாளா?"

அவள் தாடையைத் துடைத்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்து தட்டைத் தள்ளி வைத்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளே பழைய கட்டி எழுந்து வருகிறது, தையல் போட்ட இடம் கசிகிறது. அந்தப் பயத்தை அவரிடமிருந்து எடுத்துவிட அவளால் முடியும். ஆனால் அதற்கு, இத்தனை நாள் ஏன் மறைத்தாள் என்று சொல்ல வேண்டும்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்," என்றார்.

"நாளைக்கு ரெண்டு லாரி வருது."

"லாரி எங்கியும் ஓடிடாது. நீ பேசாம இரு."

அறுவை செய்த டாக்டர் ஐம்பது வயதுப் பெண். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், கழுத்தை இரண்டு பக்கமும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "கட்டி எதுவும் இல்ல. பழைய நோய் திரும்பல," என்று முதலில் சொன்னார். கணவர் நாற்காலியில் சாய்ந்து, பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார்.

"சாப்பிடும்போது வேர்க்குதுன்னீங்கல்ல. இத பாத்துடலாம். அயோடின் உங்களுக்கு ஒத்துக்குமா? அலர்ஜி ஒன்னும் இல்லியே?"

இல்லை என்றாள். டாக்டர் இடது கன்னத்திலும் கழுத்திலும் பழுப்பு நிற மருந்தைப் பூசினார். அது காய்ந்ததும் மேலே வெள்ளை மாவைத் தூவினார். சாதாரண சோள மாவுதான். அயோடினும் மாவும் காய்ந்திருக்கும் வரை ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாது. நடுவில் ஒரு பொட்டு ஈரம் வந்தால் போதும், அந்த இடம் கருநீலமாகிவிடும். பிறகு டாக்டர் ஒரு துண்டு எலுமிச்சையைக் கொடுத்து, மென்று பார்க்கச் சொல்லி, கையில் ஒரு கண்ணாடியையும் கொடுத்தார்.

அவள் மென்றாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு காதுக்கு முன்னால் மிளகு தூவியது போலப் புள்ளிகள் வந்தன. புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. தாடை ஓரம் வரை ஒரு கருநீலத் தீவு படர்ந்து, கழுத்துத் தழும்பின் பக்கத்தில் இன்னொரு சிறிய தீவும் எழுந்தது. அவள் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தன் அளவுக் கருவியை முதல் முறையாக முழுசாகப் பார்த்தாள்.

"எச்சில் சுரப்பிய எடுத்தேன்ல," என்றார் டாக்டர். "அதுக்கு வந்துட்டிருந்த நரம்பு அறுந்துபோச்சு. அறுந்த நரம்பு சும்மா இருக்காது. நுனியிலேர்ந்து மறுபடி வளரும், ரொம்ப மெதுவா. ஆனா அது தேடிப் போன சுரப்பி அங்க இல்ல. பக்கத்துல தோல்ல வேர்வைச் சுரப்பிங்க இருக்கு. அதுல போய் ஒட்டிக்குச்சு. இப்ப மூளை எச்சில் ஊறட்டும்னு சொன்னா, வேர்வை ஊறுது. வளர நேரம் ஆகும், அதனாலதான் ஆபரேஷன் முடிஞ்சு இவ்வளவு நாள் கழிச்சு வருது."

"அஞ்சாவது மாடி பட்டன அமுக்கினா மூணாவது மாடிக் கதவு தொறக்குது," என்றார் கணவர்.

"அதேதான்," என்று டாக்டர் சிரித்தார். "ஆபத்து இல்ல. ஆனா தொல்லை. ஊசி போட்டா நின்னுடும். முகச் சுருக்கத்துக்குப் போடுறாங்களே, அதே மருந்து. நரம்பு நுனி சேதி சொல்ல முடியாதபடி பண்ணிடும். இந்தக் கறுப்பு எடத்தையெல்லாம் பேனாவால கட்டம் கட்டமா பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் தோலுக்குள்ளயே கொஞ்சம் கொஞ்சம். பல மாசம் தாங்கும். திரும்ப வந்தா திரும்பப் போட்டுக்கலாம்."

"சுருக்கமும் போயிடுமா?" என்றார் கணவர். "அப்ப ரெண்டு பேருக்குமா போடுங்க."

"வேணாம்," என்றாள் அவள்.

டாக்டரும் கணவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஈரத்துணியால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஆபத்து இல்லன்னா இருந்துட்டுப் போகட்டும் டாக்டர். எனக்கு ஒன்னும் தொல்லையா இல்ல."

திரும்பும் வழி முழுக்கக் கணவர் கேட்டுக்கொண்டே வந்தார். ஊசி பயம் என்றாள். கழுத்தை அறுக்கக் கொடுத்துவிட்டு ஊசிக்குப் பயப்படுகிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

அவள் நினைத்தது போல அது இருந்துவிட்டுப் போகவில்லை. அடுத்த வாரம் ருசி அறையின் கதவை யாரோ சரியாகச் சாத்தவில்லை. வெளியிலிருந்து வெள்ளை வெளிச்சம் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. தர அதிகாரி எதையோ கேட்க வந்து வாசலில் நின்றார். அந்த நேரம் அவள் தாடையிலிருந்து ஒரு துளி இறங்கி, தட்டில், மாதிரிக் கோப்பைக்கு ஒரு விரல் தள்ளி விழுந்தது. வெளிச்சத்தில் அது மின்னியது.

தர அதிகாரி நல்ல மனிதர். குரலை உயர்த்தத் தெரியாதவர். அதுதான் இன்னும் கஷ்டம்.

"மேடம், அது என்ன?"

"வேர்வை சார்."

"இந்த ரூம்லயா?" அந்த அறையில் குளிர் எப்போதும் ஒரே அளவில் நிற்கும். அவர் அவள் கன்னத்தைப் பார்த்தார், தழும்பைப் பார்த்தார். பார்த்ததற்காக வருத்தப்பட்டது போலக் கண்ணை எடுத்துக்கொண்டார். "நான் உங்கள தப்பா நினைக்கல. ஆனா தலைமுடிக்கு வலை போடுறோம், வாசனைத் தைலம் பூசக்கூடாதுங்கிறோம். இது கோப்பையில விழுந்திருந்தா நான் என்ன பதில் சொல்றது? டாக்டர்கிட்ட காட்டி நிறுத்திட்டு வாங்க. அதுவரைக்கும் மேசையில வேற யாராச்சும் உக்காரட்டும். வருஷாந்திர சோதனையும் வருது, அதுக்குள்ள வந்துடுவீங்கல்ல?"

வருடத்துக்கு ஒரு முறை ருசி பார்க்கிறவர்களையே ருசி பார்க்கும் சோதனை அது. ஒரு தட்டில் மூன்று கோப்பைகள். இரண்டில் ஒரே சாறு, ஒன்றில் மட்டும் கடுகளவு வித்தியாசம். எது வேறு என்று சொல்ல வேண்டும். நாக்கே இல்லாதவன்கூட மூன்றில் ஒரு தடவை குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லிவிடுவான். அதனால்தான் ஆறு தட்டுகள், ஆறில் ஐந்து சரியாக இருக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு அந்த ஆலையில் இன்னொரு விதியும் உண்டு: ஒரு கோப்பையிலிருந்து ஒரே வாய். திரும்பிப் போகக் கூடாது.

வியர்வை இருந்தால் மேசையில் இடமில்லை. வியர்வை போனால் சோதனையில் தேற முடியாது. அன்று மாலை அவள் சமையலறை விளக்கைப் போடாமல் நின்றுகொண்டிருந்தாள். கணவர் வந்து சுவிட்சைத் தட்டினார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டிஷ்யூ காகிதம் வரை.

அவர் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டார். "அப்ப ஒரு வருஷமா உன் வேலைய உன் கன்னம்தான் பாத்துட்டிருக்கு."

"ஆமா."

"சம்பளத்த அதுக்குக் குடுத்திருக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"வேற யார்கிட்டயும் சொல்லாட்டியும் பரவால்ல," என்றார். "அந்த டாக்டர்கிட்ட சொல்லு. மெஷின தொறந்து பாத்தது அவங்கதான்."

இந்த முறை தனியாகப் போனாள். டாக்டர் இடையில் பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும், மேசைமேல் இருந்த தாளைத் திருப்பி ஒரு வாயையும் அதற்குப் பின்னால் ஒரு வட்டத்தையும் வரைந்தார்.

"உங்க கன்னத்துக்கு எப்படித் தெரியும், இது புளிப்புன்னு?"

"நரம்பு சொல்லுது."

"எந்த நரம்பு? கன்னத்துக்கு வர்ற நரம்பு உத்தரவுதான் கொண்டு வரும். புளிப்பு வந்திருக்குன்னு மூளைக்குப் போய்ச் சொல்ல ஒருத்தர் வேணுமே." பேனா வாயிலிருந்து வட்டத்துக்குப் போனது. அங்கிருந்து கன்னத்துக்கு இறங்கியது. "நாக்கு சொன்னாத்தான் மூளை உத்தரவு போடும். கன்னத்துக்கு நாக்கு கிடையாதும்மா. வேர்வை சரியா இருந்துச்சுன்னா, நாக்கு சரியா இருந்திருக்கு. கதிர் பட்டு மங்கிப் போன ருசி மொட்டுங்க மறுபடி முளைச்சிருக்கு. அதுக்கு உங்க வேர்வையே சாட்சி."

அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது. ஆனால் ஆறுதல் வர வேண்டிய இடத்தில் வேறொன்று வந்தது.

"அப்ப ஏன் டாக்டர் எனக்குத் தெரியல? நாக்கு கன்னத்துக்கிட்ட சொல்றத என்கிட்ட ஏன் சொல்ல மாட்டேங்குது?"

டாக்டர் பேனாவை வைத்தார். "எச்சில் ஊறுற வழி குறுக்கு வழி. உங்களக் கேக்காமலே நடக்கும். உங்களுக்கே தெரியறதுக்குப் போற வழி வேற, நீளம். நாக்கு ரெண்டுக்கும் பொது. நாக்கு நல்லா இருக்குன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியும். அந்த நீள வழியப் பத்தி எனக்குத் தெரியாது. அதுல என் கத்தி படல. ஆனா உங்க பழக்கம் பட்டிருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "சாறு வாயில பட்டதும் என்ன பண்ணுவீங்க?"

"கன்னத்த கவனிப்பேன்."

"வேர்வை வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"கொஞ்ச நேரம் ஆகும்."

"அதுக்குள்ள வாயில இருந்த புளிப்பு?"

இந்தக் கேள்விக்கு அந்த அறையில் டாக்டரைவிட அவளுக்குத்தான் பதில் நன்றாகத் தெரியும். ருசிகளில் முதலில் எழுவதும் புளிப்பு, முதலில் அடங்குவதும் புளிப்பு. வந்த சுவடு தெரிவதற்குள் போய்விடும். அதைப் பிடிக்கத்தான் ருசி பார்க்கிறவர்கள் முதல் நொடியில் முழுக் கவனத்தையும் வைக்கிறார்கள். அவள் அந்த நொடியைத்தான் ஒரு வருடமாகக் கன்னத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கலவைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. பஸ்ஸுக்கு நிற்பது போல நிற்கிறீர்கள்.

"வேர்வைய அடக்குற களிம்பு ஒன்னு இருக்கு. அத வேணா பாக்கலாமா?" என்றார் டாக்டர்.

"முகத்துல களிம்பு பூசிட்டு மேசையில உக்கார முடியாது. ஊசியே போடுங்க டாக்டர்."

மறுபடியும் அயோடின், மாவு, எலுமிச்சை. கருநீலத் தீவு எழுந்ததும் டாக்டர் அதைச் சுற்றிக் கோடு இழுத்து, உள்ளே கட்டங்கள் போட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மெல்லிய குத்து. ஆழமாகப் போனால் சிரிக்கிற தசை தளர்ந்துவிடும், அதனால் தோலோடு நிறுத்தினார். எறும்பு வரிசையாகக் கடித்துக்கொண்டு போவது போல இருந்தது. ஒன்றிரண்டு வாரத்தில் முழுசாகக் காய்ந்துவிடும் என்றார். அவர் சொன்னபடியே காய்ந்தது. வீட்டில் சாப்பிடும்போது கணவர் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டு விழாததற்கு அவர் சந்தோஷப்பட்டார். அவள் சாப்பிட்டதில் என்ன இருந்தது என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

சோதனை நாளன்று சிவப்பு அறையில் அவள் தனியாக உட்கார்ந்தாள். ஜன்னல் திறந்து முதல் தட்டு வந்தது. மூன்று கோப்பைகள், மூன்றிலும் மூன்று இலக்க எண்கள். இடது பக்கத்திலிருந்து தொடங்கினாள். வாயில் எடுத்தாள், சுழற்றினாள், துப்பினாள். நின்றாள்.

எதற்காக நிற்கிறோம் என்று தெரிந்தபோது நேரமாகிவிட்டிருந்தது. கை தானாக ஒரு டிஷ்யூவை மடித்து வைத்திருந்தது. கன்னம் காய்ந்து, யாருடைய கன்னமோ போல இருந்தது. முதல் கோப்பையின் புளிப்பு வந்து போய்விட்டது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. திரும்பிப் போக முடியாது. பதறிக்கொண்டு இரண்டாவதை வாயில் எடுத்தாள், மூன்றாவதையும் எடுத்தாள். எதனோடு எதை ஒப்பிடுவது? நடுக் கோப்பை என்று சொல்லித் தட்டை வெளியே தள்ளினாள். வெறும் ஊகம்.

இன்னும் ஐந்து தட்டுகள் இருந்தன. முதல் தட்டு தப்பாகியிருந்தால், ஐந்தும் சரியாக இருந்தாக வேண்டும்.

காகிதத்தை வாளியில் போட்டாள். தண்ணீரால் வாய் கொப்பளித்து, உப்பில்லாத பிஸ்கட்டில் ஒரு துண்டு கடித்து, மறுபடி கொப்பளித்தாள். அடுத்த தட்டு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். வாயில் சாறு பட்ட அந்த முதல் நொடியில், கன்னத்துப் பக்கம் ஓடப் பார்த்த மனதைப் பிடித்து நாக்கின் ஓரத்தில் உட்கார வைத்தாள். அங்கே ஏதோ இருந்தது. மெல்லிய கோடு மாதிரி. அது ருசியா, ருசியின் ஞாபகமா என்று தெரியவில்லை. மூன்றாவது கோப்பையில் அந்தக் கோடு கொஞ்சம் தடித்தது. சொன்னாள்.

மூன்றாவது தட்டில் சந்தேகமே வரவில்லை. முதல் கோப்பை பளிச்சென்று தனியாக நின்றது. இதுதான், இது பழைய நாக்கு என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மற்றவற்றில் தடவித் தடவித்தான் போனாள்.

முடிவு வர மதியமாயிற்று. தர அதிகாரி தானே நடந்து வந்து சொன்னார். "அஞ்சு சரி மேடம். நாளையிலேர்ந்து மேசை உங்களுது."

"எது தப்பு சார்? மொதல் தட்டா?"

அவர் தாளைப் பார்த்தார். "மொதல் தட்டு சரி. தப்பு மூணாவது."

"மூணாவதா?"

"ஆமா. ஏன், அதுல சந்தேகமா இருந்துச்சா?"

"இல்ல சார். அதுல மட்டும்தான் சந்தேகம் இல்லாம இருந்துச்சு."

அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார். கணவரிடமிருந்து போன் வந்தது. பின்னால் எங்கோ லிஃப்ட் கதவுகள் மூடித் திறந்துகொண்டிருந்தன.

"என்னாச்சு?"

"ஆறுல அஞ்சு."

"பாஸா?"

"பாஸ்தான்."

"அப்புறம் ஏன் குரல் இப்படி இருக்கு?"

"தெரியாம சொன்னது சரியா இருக்குங்க. நல்லா தெரிஞ்சு சொன்னது தப்பா இருக்கு."

"லிஃப்ட் அஞ்சாவது மாடிக்கு வந்து சேந்துட்டா, எப்படி வந்துச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க," என்றார்.

"நீங்க கேப்பீங்க."

"நான் கேப்பேன்," என்று ஒப்புக்கொண்டார்.

முதல் தட்டு அதிர்ஷ்டமாக இருக்கலாம். மூன்றில் ஒரு பங்கு அதிர்ஷ்டத்துக்குச் சேரும். அல்லது அவள் கவனிக்காமல் நின்ற அந்த நேரத்திலும் நாக்கு தன் வேலையைச் செய்து, எங்கோ ஓரிடத்தில் பதிலை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க வழி இல்லை. அயோடினும் மாவும் போட்டு அதைப் பார்க்க முடியாது.

மறுநாள் கலவைக்காரர் ஜன்னலைத் தட்டி ஒரு கோப்பையைத் தள்ளினார். இரவு வந்த லாரியின் பழம். அவள் வாயில் எடுத்தாள். எடுத்த உடனே முகம் சுளித்தது. வலது பக்கம் முதலில், இடது பக்கம் ஒரு கணம் தாமதமாக. துப்புவதற்குள் கலவைக்காரர் நகர ஆரம்பித்துவிட்டார்.

"எங்க போறீங்க? நான் இன்னும் ஒன்னும் சொல்லலியே."

"உங்க மூஞ்சி சொல்லிருச்சு மேடம். புளிப்பு தூக்கல். பழைய தொட்டியிலேர்ந்து சேத்துடறேன்." அவர் குரலில் மகிழ்ச்சி தெரிந்தது. அவருக்குப் பழைய நாக்கு மேடம் திரும்பக் கிடைத்துவிட்டார்.

அவள் நாக்கை அண்ணத்தில் அழுத்திக்கொண்டு நின்றாள். முகத்துக்குத் தெரிந்துவிட்டது. தனக்குத் தெரிந்ததா என்று தேடினாள். இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"அண்ணே, நில்லுங்க," என்று கூப்பிட்டாள். "எதையும் சேக்காதீங்க. நான் சொல்றேன்."

கலவைக்காரர் திரும்பி வந்து ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். அவள் வாய் கொப்பளித்தாள், பிஸ்கட்டைக் கடித்தாள், மறுபடி கொப்பளித்தாள். கோப்பையை எடுத்துக்கொண்டு, அவருக்கு முகம் தெரியாதபடி சுவர்ப் பக்கம் திரும்பினாள்.